பழைய வண்டியும் மூன்று புத்தகங்களும்

மோட்டார் சைக்கிளைப் பற்றி எழுதப்பட்டு, இலக்கியம் என்ற பெயரையும் பெற்றுவிட்ட புத்தகங்கள் உலகத்தில் அதிகமில்லை. இருக்கிற சிலவற்றை வெகுநாள் முன்பே படித்து, இது உசத்தி, இது மட்டம் என்று எனக்குள் வரிசைப்படுத்தியும் வைத்திருந்தேன். சென்ற ஆனி மாதத்தில் நானே ஒரு பழைய வண்டியை வாங்கிப் பழக ஆரம்பித்த பிறகு அந்த வரிசை கலைந்துவிட்டது. எப்படிக் கலைந்தது என்று சொல்வதுதான் இந்தக் கட்டுரையின் நோக்கம். வண்டி வாங்குகிறவர்களுக்கு இதில் பிரயோசனம் உண்டா என்று கேட்டால், கொஞ்சம் இருக்கலாம் என்றுதான் சொல்ல வேண்டும்.

வண்டி யமஹா ஆர்-15. 2008-இல் இந்தியாவில் வெளிவந்தது. 2011-இல் திருத்தி, இரண்டாம் வடிவம் ஒன்று போட்டார்கள். என்னுடையது அந்த இரண்டாம் வடிவம். முதல் சொந்தக்காரர் 2013-இல் வாங்கியது. எஞ்சின் 149 சி.சி. சொச்சம், புல்லட்டில் பாதிகூட இல்லை. ஆனால் ஆறு கியர், திரவத்தால் குளிரும் எஞ்சின், முன்னும் பின்னும் டிஸ்க் பிரேக், பந்தய வண்டியின் உருவம். கைப்பிடிகள் தாழ்ந்திருக்கும். கால் வைக்கும் கட்டைகள் பின்தள்ளி இருக்கும். ஓட்டுகிறவன் பெட்ரோல் டாங்கின் மேல் கவிந்துகொள்ள வேண்டும். ஓடிய தூரம் 61,000 கிலோமீட்டர் என்று மீட்டர் சொல்லிற்று. விற்றவர் ஸ்ரீரங்கத்தில் இருக்கும் ஒரு பெரியவர். படிவம் 29, படிவம் 30 என்று இரண்டு காகிதங்களில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, பதினான்கு நாட்களுக்குள் இன்ஷூரன்ஸையும் என் பெயருக்கு மாற்ற எழுதிக் கொடுத்தேன். சட்டப்படி வண்டி என்னுடையதாகிவிட்டது. மற்றபடி ஆகவில்லை.

முதல் வாரம் எனக்குப் பெரிய அவமானம். கிளட்ச் எங்கே பிடிக்கிறது என்று கைக்குத் தெரியவில்லை. சிக்னலில் மூன்று தரம் எஞ்சின் நின்றது. எஞ்சின் கீழ்ச்சுருதியில் ஒன்றுமே செய்யாது. மேலே போனால்தான் உயிர் வரும். நான் சுருதியைத் தாழ்த்தி வைத்துக்கொண்டு உயிர் வரவில்லை என்று குறைப்பட்டுக்கொண்டிருந்தேன். உடம்பின் பாரமெல்லாம் மணிக்கட்டில் இறங்கிற்று. நாலாம் நாள் இட்லியை விண்டு சட்னியில் தோய்க்கும்போது சுண்டுவிரலும் அதற்கடுத்த விரலும் வேறு யாருடையவோபோல் இருந்தன. உறையூரில் ஒரு மெக்கானிக். என் பேரன் வயசிருக்கும். நான் வண்டியை ஓட்டிக்கொண்டு வந்து நிறுத்தியதைப் பார்த்துவிட்டு, "கையால புடிக்காதீங்க சார். முட்டியால டாங்கைப் புடிங்க. கை சும்மா மேல கெடக்கட்டும்" என்றான். அவ்வளவுதான். மறுநாள் வலி பாதி குறைந்தது. அதற்கு மறுநாள் வளைவில் வண்டி தானாகத் திரும்பிற்று. அதுவரை அதைத் திரும்பவிடாமல் பிடித்துக்கொண்டிருந்தவன் நான்தான்.

இந்த நிலையில்தான் என் அலமாரியில் இருந்த புத்தகங்களை மறுபடி எடுத்தேன்.

முதலில் எடுத்தது டி. ஈ. லாரன்ஸின் 'தி மின்ட்'. நாணயச் சாலை என்று அர்த்தம். மனிதர்களை அச்சில் வார்க்கும் விமானப்படை முகாமைப் பற்றிய புத்தகம். அரேபியாவில் கிடைத்த பெயரையெல்லாம் உதறிவிட்டு, 1922-இல் வேறு பெயரில் சாதாரணச் சிப்பாயாகப் போய்ச் சேர்ந்தவர் லாரன்ஸ். அந்தப் புத்தகம் அவர் இறந்து இருபது வருஷம் கழித்து, 1955-இல்தான் வெளிவந்தது. அதன் கடைசிப் பகுதியில் சாலையைப் பற்றி ஒரு சிறு அத்தியாயம். தம் பிரஃப் சுப்பீரியர் வண்டிக்கு 'இடியின் மக்கள்' என்று பொருள்படும் விவிலியப் பெயர் ஒன்றை வைத்திருக்கிறார். அதில் ஏறி, மேலே பறக்கும் ஒரு பிரிஸ்டல் விமானத்துடன் பந்தயம் போடுகிறார்; பிறகு முகாமுக்குத் தின்பண்டம் வாங்கிக்கொண்டு திரும்புகிறார். ஆங்கில வசனத்தில் வேகத்தை இவ்வளவு சுருக்கமாக, இவ்வளவு உடம்போடு யாரும் எழுதியதில்லை என்று முன்பு நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் இப்போது ஒரு குறை தெரிகிறது. அந்த வண்டிக்கும் அவருக்கும் இடையில் எந்தத் தகராறும் இல்லை. குதிரையைப்போல் அது அவர் நினைத்ததைச் செய்கிறது. அவர் அடுத்தடுத்து ஏழு பிரஃப் வண்டிகள் வைத்திருந்தவர், எட்டாவதும் தயாராகிக்கொண்டிருந்தது. பழகி முடிந்தவரின் பக்கங்கள் அவை. பழகுவது எப்படி என்பது அவற்றில் இல்லை. கல்யாணமாகிப் பத்து வருஷம் கழித்து எழுதிய காதல் கவிதை என்று வைத்துக்கொள்ளலாம். நன்றாக இருப்பதற்குத் தடையில்லை.

அமெரிக்கரான ஹன்டர் தாம்ஸன் 1995-இல் ஒரு மோட்டார் சைக்கிள் பத்திரிகைக்கு எழுதிய கட்டுரையையும் கூடவே படித்தேன். ஓட்டிப் பார்க்கும்படி அவரிடம் துகாட்டி 900 ஒன்றைக் கொடுத்திருக்கிறார்கள். சிரிக்கச் சிரிக்க எழுதியிருக்கிறார். பயத்தைப் பயமாகவே ஒப்புக்கொள்கிற நேர்மையும் இருக்கிறது. ஆனால் அது விருந்தாளியின் எழுத்து. திருப்பிக் கொடுக்க வேண்டிய வண்டியின் சங்கிலி தளர்ந்தால் அவருக்கென்ன?

மூன்றாவது புத்தகத்தை இலக்கியம் என்று சொன்னால் நண்பர்கள் சிரிப்பார்கள். கீத் கோட் என்பவர் 1983-இல் எழுதிய 'எ ட்விஸ்ட் ஆஃப் தி ரிஸ்ட்'. கலிபோர்னியாவில் பந்தய ஓட்டம் சொல்லிக் கொடுக்கும் வாத்தியார் அவர். வெறும் பாடப்புத்தகம், நடை கட்டை, ஒரு வாக்கியம்கூட வாக்கியத்துக்காக எழுதப்பட்டதில்லை. ஆனால் அதில் ஒரே ஒரு உவமை இருக்கிறது. அது மற்ற இருவரிடமும் இல்லாதது. மனிதனுடைய கவனம் ஒரு பத்து டாலர் நோட்டு மாதிரி என்கிறார். வண்டியில் ஏறும்போது எல்லாரிடமும் இருப்பது பத்தே டாலர். கற்றுக்குட்டி கிளட்சுக்கும் கியருக்குமே ஒன்பதைச் செலவழித்துவிடுகிறான். சாலைக்கு மிஞ்சுவது ஒன்று. பழகப் பழக அந்தச் சாமான்களின் விலை இறங்குகிறது. விலை இறங்கின பணத்தை எடுத்துச் சாலைக்குக் கொடுக்கலாம். திறமை என்பது அவர் கணக்கில் துணிச்சல் அல்ல, மிச்சம்.

சிக்னலில் எஞ்சின் நின்று பின்னால் பஸ்காரன் ஹாரன் அடித்தபோது எனக்கு என்ன நேர்ந்தது என்பதை லாரன்ஸ் சொல்லவில்லை. இந்த வாத்தியார் சொல்லியிருக்கிறார். 1993-இல் வந்த இரண்டாம் பாகத்தில், பயந்தவன் உடம்பு என்னென்ன செய்யும் என்று வரிசையாக எழுதுகிறார்: கைப்பிடியை இறுக்கும், ஆக்ஸிலேட்டரை மூடும், கண் எதைக் கண்டு பயந்ததோ அதிலேயே போய் ஒட்டிக்கொள்ளும். உயிரைக் காக்க உடம்பு செய்கிற இந்தக் காரியங்கள்தான் ஓட்டுகிறவனைக் கவிழ்க்கின்றன என்பது அவர் கட்சி. பயத்தைப் பற்றி நாவல்களில் நான் எழுதியிருக்கிற பக்கங்களை நினைத்தேன். நெஞ்சு படபடத்தது, வியர்த்தது என்றுதான் எழுதியிருக்கிறேன். பயந்த மனிதனின் கை என்ன செய்யும் என்று ஒருமுறைகூட எழுதவில்லை.

இந்த இடத்தில் ஒரு சின்ன அங்கலாய்ப்பு. பல வருஷங்கள் திருவொற்றியூரில் புல்லட் வண்டி செய்த ஊர் நம்முடையது. என்றாலும், நான் படித்த வரையில், தமிழ் நாவலில் மோட்டார் சைக்கிள் வந்தால் அதன்மேல் ஒரு இன்ஸ்பெக்டர் வருவார், அல்லது ஒரு மைனர் வருவான். வண்டி அவர்கள் வருவதற்கு முன் கேட்கும் சத்தம், அதோடு சரி. மாட்டுக்கு நாம் கொடுத்த கவனத்தை யந்திரத்துக்குக் கொடுக்கவில்லை. யந்திரம் ஆத்மாவைக் கெடுப்பது என்று சொல்லிவிட்டு அதன்மேல் ஏறி ஆபீஸுக்குப் போகிறோம்.

ராபர்ட் பிர்ஸிகின் 'ஸென்னும் மோட்டார் சைக்கிள் பராமரிப்பும்' (1974) இந்த மனோபாவத்தைத்தான் எதிர்க்கிறது. 121 பிரசுரகர்த்தர்கள் திருப்பி அனுப்பிய புத்தகம் என்பது பிரசித்தம். 1968-இல் அவர் தம் மகன் கிறிஸைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு மினியாபொலிஸிலிருந்து கலிபோர்னியா வரை போன பயணம் அதற்கு ஆதாரம். பல வருஷங்களுக்கு முன் படித்தபோது அதன் தத்துவப் பகுதிகளைக் கோடிட்டிருந்தேன். இப்போது பார்த்தால் அந்தக் கோடுகள் எனக்கே வெட்கமாக இருக்கின்றன. தரம் என்றால் என்ன என்று அவர் பக்கம் பக்கமாக வாதிடும் இடங்கள் இளைத்துவிட்டன. இளைக்காமல் நிற்பவை வேறு.

நண்பர் ஜானின் பி.எம்.டபிள்யூ. வண்டியில் கைப்பிடி தளர்ந்துவிடுகிறது. பீர் டப்பாவைக் கத்தரித்து ஒரு தகடு வைத்தால் சரியாகிவிடும் என்கிறார் கதை சொல்பவர். விலை உயர்ந்த ஜெர்மன் வண்டிக்குப் பீர் டப்பாவா என்று ஜானுக்கு மனசு ஆறவில்லை. டப்பாவின் எழுத்தைச் சுரண்டிவிட்டு, ஜெர்மனியிலிருந்து பிரத்தியேகமாக வந்தது என்று சொல்லியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பார் என்று கதை சொல்பவர் பிறகு நினைத்துக்கொள்கிறார். பரம ஹாஸ்யமான பகுதி. மனித சுபாவமும் அதில் இருக்கிறது. இன்னொன்று, வண்டியைப் பட்டறையில் விட்ட கதை. ரேடியோ பாடிக்கொண்டிருக்கிறது. பையன்கள் சுத்தியலும் உளியுமாக மூடியைக் கழற்றப் போய், எஞ்சினின் விசிறித் தகடுகளை உடைத்துவிடுகிறார்கள். கடைசியில் கோளாறு எண்ணெய் போகும் வழியில் அறுந்துபோன ஒரு சின்ன ஊசியில் இருந்தது; இருபத்தைந்து சென்ட் பெறும். அந்தப் பையன்கள் கெட்டவர்கள் அல்ல, வேடிக்கை பார்ப்பவர்கள் என்கிறார் பிர்ஸிக். தங்கள் கையே செய்யும் வேலையை வேடிக்கை பார்க்கிறார்கள். இதைவிடக் கடுமையான விமர்சனத்தை நான் எந்த இலக்கியப் பத்திரிகையிலும் படித்ததில்லை.

ஆனால் பிர்ஸிகின் வண்டிக்கும் ஒரு சௌகரியம் உண்டு. அது அவரோடு வெகுதூரம் ஓடியது. அதன் ஒவ்வொரு சத்தமும் அவர் காதுக்கு முன்பே பழக்கம். வேறொருவன் ஓட்டிப் பழக்கிய வண்டி கைக்கு வந்தால் என்ன செய்வது என்ற கேள்வி அவர் புத்தகத்தில் எழவில்லை. எனக்கு எழுந்தது.

பழைய வண்டி என்பது வேறொருவனுடைய பழக்கங்கள். நாவலாசிரியனுக்கு அது ஒரு தூண்டில். இரண்டாவது வாரத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வண்டியைக் கழுவி, துடைத்து, பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தேன். பின் டிஸ்க்கில் விரல் வைத்தால் பள்ளம் தெரிந்தது; முன் டிஸ்க் வழவழவென்று புதுசாக இருந்தது. வண்டியை நிறுத்துவதில் பெரும்பங்கு முன் பிரேக்குக்குத்தான். ஓட்டத் தெரிந்தவன் அதைத்தான் அதிகம் தேய்ப்பான். பின் டயர் நடுவில் தட்டையாகத் தேய்ந்திருந்தது; ஓரங்களில் புது டயரின் ரப்பர் மயிர்கூட உதிரவில்லை. அதாவது வண்டி ஒருநாளும் சாய்ந்ததில்லை. பின் பிரேக் பெடல் இருக்க வேண்டிய இடத்துக்கு அரை அங்குலம் கீழே தொங்கிற்று, சரிபார்க்கக்கூட சோம்பல். எனக்குப் பாத்திரம் கிடைத்துவிட்டது. பந்தய வண்டியை வாங்கிவிட்டு, அதற்குப் பயந்து, காலால் பிரேக்கை அமுக்கிக்கொண்டே நேர் ரோட்டில் போன ஒரு கோழைப் பிள்ளை. அப்பன் பணத்தில் வாங்கியிருப்பான். கதைக்குக்கூட ஆவான் என்று நினைத்தேன். முன் டயர் மட்டும் இதற்கு ஒத்துவரவில்லை. அதன் ஓரங்கள் விளிம்புவரை தேய்ந்து பழுத்திருந்தன. ஒத்துவராததை நான் பொருட்படுத்தவில்லை.

அதற்கு மூன்றாம் நாள் தில்லைநகரில் தூறல். முன்னால் போன ஆட்டோ சட்டென்று திரும்பிற்று. கோட் எச்சரித்ததையெல்லாம் ஒழுங்காகச் செய்தேன்: இறுக்கினேன், ஆட்டோவையே பார்த்தேன், முன் பிரேக்கைப் பிடுங்கினேன். முன் சக்கரம் ஒரு சாண் பக்கவாட்டில் வழுக்கிற்று. பயத்தில் கை விட்டுப்போயிற்று. அதனால் சக்கரம் மறுபடி தரையைப் பிடித்துக்கொண்டது. விழவில்லை. அது என் சாமர்த்தியமும் இல்லை. நேரே உறையூருக்குப் போனேன். பையன் குனிந்து டயரின் பக்கத்தில் இருந்த நான்கு இலக்கத்தைக் காட்டினான். 1117. பதினோராம் வாரம், 2017. "டயருக்கு எட்டு வயசாவுது சார். ரப்பர் கல்லாயிருச்சு. பாத்து வாங்கலியா?" பின் டயரில் 0918. அதுவும் ஏழு வயசு. ரோமத்தைக்கூட எண்ணிப் பார்த்தவன் அச்சிட்டிருந்த தேதியைப் பார்க்கவில்லை. புத்தகத்தின் பிரசுர வருஷத்தைப் பார்க்காமல் விமர்சனம் எழுதுகிறவர்களை நான் பல தடவை கேலி செய்திருக்கிறேன்.

இரண்டு டயரையும் மாற்றினேன். ஒரு வாரம் கழித்து ஸ்ரீரங்கத்துப் பெரியவர் போன் பண்ணினார். வண்டியின் இரண்டாவது சாவி பீரோவில் கிடைத்ததாம். வந்து வாங்கிக்கொள்ளச் சொன்னார். போனேன். காபி கொடுத்தார். வண்டியை வாசலில் பார்த்துவிட்டு, "டயர் மாத்திட்டீங்களா? நல்லது. பையன் போறப்பவே முன்னாடி டயரையும் மாத்தணும்னான். நான்தான் இருக்கட்டும்னுட்டேன்" என்றார்.

பையன் 2018-இல் கத்தாருக்கு வேலைக்குப் போனவன். போவதற்கு முன் தேய்த்துத் தீர்த்திருந்த முன் டிஸ்க்கை மாற்றி, பின்னால் புது டயரும் போட்டு, வண்டியை அப்பாவிடம் விட்டுவிட்டுப் போயிருக்கிறான். அதற்குப் பிறகு ஏழு வருஷம் ஓட்டியவர் இவர்தான். காலையில் காந்தி மார்க்கெட்டுக்கும் திரும்ப வீட்டுக்கும், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, அந்தப் பந்தய வண்டியில்.

"முன் பிரேக்கைத் தொடவே மாட்டேன் சார். தூக்கி அடிச்சிடும்னு பயம். எனக்குக் கணுக்கால் மடங்காது, அதனால பெடலைக் கீழ இறக்கி வெச்சுக் குடுத்தான். நின்னா வண்டி கெட்டுப்போயிடும்னுதான் ஓட்டினேன். இந்த வருஷம் லீவுல வந்தவன், வித்துடுப்பா, இனிமே எனக்கெதுக்குன்னுட்டான்."

முன் டயரின் ஓரங்களைத் தேய்த்தவன் பையன். நடுவைத் தேய்த்தவர் அப்பா. நான் இரண்டு பேரை ஒருவராக்கி, அந்த ஒருவனுக்குக் கோழை என்று பெயரும் வைத்திருந்தேன். சோம்பல் என்று நான் படித்த பெடல், ஒருவன் தன் தகப்பனாரின் காலுக்கு அளவெடுத்து வைத்தது.

வீட்டுக்கு வந்து லாரன்ஸின் அந்த அத்தியாயத்தை இன்னொரு தடவை படித்தேன். அவர் 1935 மே மாதத்தில், சைக்கிளில் வந்த இரண்டு பையன்களுக்காக ஒதுங்கப் போய், பிரஃப் வண்டியிலிருந்து விழுந்து இறந்தார். அவருக்குச் சிகிச்சை செய்தவர்களில் ஒருவரான ஹியூ கெய்ன்ஸ் என்ற மூளை அறுவை நிபுணர், பிற்பாடு மோட்டார் சைக்கிள்காரர்களின் தலைக்காயங்களை ஆராய்ந்து 1941-இல் எழுதினார். தலைக்கவசத்தின் அவசியத்தை நிறுவியதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. இதெல்லாம் தெரிந்த வாசகர்கள் அந்த விமானப் பந்தயத்தில் மரண ஆசையைக் கண்டுபிடிக்கிறார்கள். நானும் கண்டுபிடித்திருந்தேன், என் பிரதியின் ஓரத்தில் பென்சில் குறிப்பே இருக்கிறது. ஆனால் அந்தப் பக்கங்களில் இருப்பது, வேலை முடிந்து கிளம்பிய ஒரு சிப்பாயின் சந்தோஷம். முகாமில் பசித்திருப்பவர்களுக்குத் தின்ன வாங்கிப் போகிற ஞாபகம். முடிவு பிறகு வந்தது. அதைப் பின்னாலிருந்து கொண்டுவந்து ஒட்டியவர்கள் நாம். பென்சில் குறிப்பை அழித்தேன். காகிதம் மட்டமானது, கொஞ்சம் கிழிந்தது.

மறுநாள் உறையூரில் பெடலை அரை அங்குலம் உயர்த்தி வைக்கச் சொன்னேன். என் கணுக்கால் மடங்கும்.